குளம்புக்கு அருகில்

வெள்ளிக்கிழமை பரீட்சை.
நாற்பத்தொரு வயதில் செவிலியர் படிப்புக்கு
மனுப் போட்டவள் நான், ரவ்னா.
ஏழாம் பாடத்தில் நிற்கிறேன்,
பனியில் புதைந்த வண்டிபோல.

'செல் சவ்வு ஒரு சுவர்' என்று
பக்க ஓரத்தில் எழுதினேன். அடித்தேன்.
வந்தது யாரென்று சுவருக்குத் தெரியாது.
'கதவு' என்று எழுதினேன்.
கதவு சும்மா கிடக்கும்.
இது ஒரு நொடியும் சும்மா கிடப்பதில்லையாம்.

கௌத்தோகெய்னோவுக்கு வடக்கே
துருவமான் பிரிக்கும் நாட்கள் இவை.
வட்டப் பட்டிக்குள் எட்டுக் குடும்பத்து மான்கள்
ஒரே சாம்பல் சுழியாய் ஓடுகின்றன.
விளிம்பில் எட்டு வாசல்.
எங்கள் வாசலின் பலகை என் கையில்.
இடக்காதில் இரண்டு வெட்டு, வலக்காதில் ஒரு பிறை:
எங்களுடையது. திறக்கிறேன்.
பிறை இல்லையென்றால் என் முழங்காலே தாழ்ப்பாள்.

கையுறைக்குள் விரல் மரத்துப்போன வேளையில்
மெல்லப் பிடிபட்டது.
சர்க்கரைக்கு ஒரு வாசல், உப்புக்கு ஒரு வாசல்,
தண்ணீருக்கு ஒற்றையடிப் பாதை,
ஒன்றன்பின் ஒன்றாக.
காற்று மட்டும் யாரையும் கேட்பதில்லை,
வேலிக்கம்பிகளின் நடுவே
அது பாட்டுக்குப் போகிறது,
பிராணவாயுவைப் போல.

மகிழ்ந்து எழுதினேன்: 'வேலி.'
அதையும் அடிக்க வேண்டியதாயிற்று.
வேலி நட்ட இடத்தில் நிற்கும்.
சவ்வு நழுவும்.

இரவு கூடாரத்தில் பன்னிரண்டு பேர்.
இரண்டு வரிசை, பாதத்தோடு பாதம்.
தலைகள் ஈரம் கசியும் துணியோரம்,
கால்கள் நடுவில், காய்ந்த தோல்விரிப்பில்.
தலைக்கு நீர் பிடிக்கும், வாலுக்கு ஆகாது என்று
புத்தகம் சொன்ன கொழுப்புத் துகள்கள்
இதோ குறட்டை விடுகின்றன.
மாத்தே புரண்டான், அடுத்தவனும் புரண்டான்.
யாரோ இடம் மாற்றிப் படுத்தார்கள்.
வரிசை குலையவில்லை.
நடுச்சாமத்தில் பீரா எழுந்து வெளியே போனான்.
அவன் விட்ட இடைவெளி
அவன் திரும்புமுன் மூடிக்கொண்டது.
ஊசியே வேண்டாத துணி.
பாவம் பீரா, விடியும்வரை அடுப்பருகே உட்கார்ந்திருந்தான்.

காலையில் பனியைத் தள்ளுவது என் முறை.
மூன்று மண்வாரி பனி வெளியே,
இரண்டு கட்டு விறகு உள்ளே.
திரும்பிப் பார்த்தால் வாசலில் மறுபடி பனி.
மூன்று வெளியே, இரண்டு உள்ளே.
சோடியம், பொட்டாசியம், சோடியம்.
தின்ற ரொட்டியில் ஒரு பெரும்பங்கு
இந்த வேலைக்கே போகிறதாம்,
நான் தூங்கும்போதும்.

நிறுத்திவிட்டால்?
வெளியில் எவ்வளவோ உள்ளேயும் அவ்வளவு.
சமம் என்பது நல்ல சொல் என்றிருந்தேன்.
செல்லின் அகராதியில் அதற்குச் சாவு என்று பொருள்.

அன்று மாலை
கால் முறிந்த பெண்மான் ஒன்றை அறுத்தார்கள்.
சுன்னா காலெலும்பை நீளவாக்கில் பிளந்தாள்.
மேல்தொடை மஜ்ஜை மெழுகுவர்த்தியாய் விறைத்து நின்றது.
கத்தி கீழே இறங்க இறங்க இளகியது.
குளம்புக்கு அருகில்
எண்ணெயாகவே வழிந்தது.
வெளியே முப்பது பாகை உறைகுளிர்.

"நாள் முழுக்கப் பனியில் நிற்கும் கால்,"
என்றாள் சுன்னா, விரலை நக்கிக்கொண்டே.
"அங்கே கொழுப்பு உறைந்தால் மான் எப்படி நடக்கும்?"
பாடத்திலும் அதே இருந்தது, வேறு சொல்லில்:
கோணல் வால் கொண்ட கொழுப்பை
நெருக்கி அடுக்க முடியாது,
கோணல் விறகைப் போல.
இடுக்கு இருப்பதால் இளக்கம்.
குளிர்க்காலின் சவ்விலும் கோணல்கள்தாம் கூடுதலாம்.
நேரான மரமாகப் பார்த்து வெட்டும் மாத்தேயிடம்
இதைச் சொல்லவில்லை.

வாங்கித் தின்றேன்.
ஒரு சொட்டு ஏழாம் பாடத்தில் விழுந்தது.
துடைத்தேன், பரவியது.
காகிதம் கிழியவில்லை, ஓட்டையும் இல்லை.
விளக்கருகே பிடித்தேன்.
அந்த வட்டத்துக்குள் மட்டும்
மறுபக்கத்து எழுத்துகள்
தலைகீழாய்,
மங்கலாய்,
இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தன.

அடித்த மூன்று சொற்களும்
அதனருகிலேயே இருக்கின்றன.
நான்காவதை இன்னும் எழுதவில்லை.